அப்பாவின் பதினாறாம் நாள் முடிந்து…

அன்புடையீர், வணக்கம்.

84 வயதில் அப்பா காலமானார். பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்களிடம் நின்று இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஊரில் அவர் பெயர் 'கண்ணாடிக்காரர்'. அரசு ஆஸ்பத்திரியில் கண் பரிசோதகராக இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றவர், அப்புறம் வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்துவிட்டார். அறை பத்தடிதான், பார்வை சோதிக்க இருபதடி வேண்டும். எழுத்து அட்டையை வந்தவரின் தலைக்கு மேலே மாட்டி, எதிர்ச்சுவரில் நிலைக்கண்ணாடி வைத்துச் சமாளித்தார். வெள்ளெழுத்து என்று வரும் பாட்டிகளுக்கு அட்டையே கிடையாது. ஊசியும் நூலும் கொடுப்பார். நூல் கோத்துவிட்டால் பவர் சரி.

கடைசி ஐந்து வருடம் அவருக்கே விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போனது. ஓரம் தெரியும், நேரே இருப்பது தெரியாது. "உன் காது ரெண்டும் தெரியுதுடா, மூஞ்சியைத்தான் காணோம்" என்று சிரிப்பார். எந்தக் கண்ணாடியாலும் அதைச் சரிசெய்ய முடியாது என்பது எங்களைவிட அவருக்குத்தான் தெரியும்.

அந்த ஐந்து வருடமும் பள்ளிக்கூடம் போகுமுன் வந்து பேப்பர் படித்துக் காட்டிய பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குத்தான் முதல் நன்றி. பரீட்சை நாளிலும் தலைப்புச் செய்தியாவது படித்துவிட்டுத்தான் போவாள். படுக்கையில் விழுந்தபின் தினமும் வந்து புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்த நர்ஸம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது? பெற்ற பிள்ளை எனக்கே அந்தப் பொறுமை இருந்ததில்லை.

அவர் போனது விடிகாலை 2 மணிக்கு. பீரோ கதவின் உட்புறம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்: 'ஃபேனை நிறுத்து. இமையை மூடி ஈரப் பஞ்சு வை. தலைக்குத் தலையணை கொடு. 1919-க்குப் போன் பண்ணு. ஆறு மணி நேரம்தான்.' கண் தானத்துக்குச் சொந்தத்தில் ஒருவர் ஒப்பவில்லை; அடுத்த பிறவியில் பார்வை இருக்காதாம். "அவன் கேட்டதைக் கொடுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவைத்தது பெரியத்தை. அத்தை, உங்களுக்கு எங்கள் வணக்கம்.

கொட்டும் மழையில் வந்த கண் வங்கித் தம்பிகள் இருவரும் அரைமணி நேரத்தில் வேலையை முடித்தார்கள். முகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இந்த வயதுக் கருவிழி இன்னொருவருக்குப் பொருத்த ஏற்றதா என்று சோதித்த பிறகே சொல்ல முடியும், இல்லையென்றால் டாக்டர்களின் பயிற்சிக்கு உதவும் என்று மறைக்காமல் சொன்னார்கள். அப்பாவுக்கு இரண்டுமே சம்மதமாகத்தான் இருந்திருக்கும்.

மழையோடு பந்தல் போட்டவர்கள், மூன்று நாளும் காசு வாங்காமல் டீ அனுப்பிய முக்குக்கடை அண்ணன், தோள் கொடுத்த தெருப் பையன்கள், எல்லோருக்கும் நன்றி. யார் பெயரையாவது விட்டிருந்தால் மன்னிக்கவும்.

இன்னொன்று. அவர் மேசை டிராயரில், செய்யக் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் கண்ணாடிகள் பதினொன்று இருக்கின்றன. உறைமேல் அவர் கையெழுத்திலேயே பெயரும் பவரும் உண்டு. வந்து வாங்கிக்கொள்ளுங்கள், பணம் வேண்டாம். ஆனால் போடுமுன் ஒருதரம் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடத்தில் பவர் மாறியிருக்கும்.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரர் வீட்டார்