கல்ச்சர் தட்டைத் தூக்கி எறிந்தால் ஃபேஜ் சிகிச்சை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகளை அழிக்கும் ஃபேஜ் வைரஸ்கள் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படிப்பவர்கள், இது கடையில் கேட்டு வாங்கும் புது மருந்து என்று நினைத்துவிடக்கூடும். புதிதும் இல்லை: 1917-லேயே நுண்ணுயிரியல் ஆய்வாளர் டெரெல் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்; ஜார்ஜியா நாட்டின் திபிலிசியில் ஃபேஜ் ஆய்வுக்குப் பெயர்பெற்ற எலியாவா நிறுவனம் 1923-ல் தொடங்கியது. ஒரே மருந்தும் இல்லை. சிக்கலே அங்கேதான்.

ஒரு ஃபேஜ், பாக்டீரியாவின் மேற்புறத்தில் தனக்கேற்ற பிடிப்பிடம் இருந்தால்தான் உள்ளே நுழையும். ஒரு நோயாளியின் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவைக் கொன்ற ஃபேஜ், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் சூடோமோனாஸைத் தொடாமலே போகலாம். ஆகவே அந்தந்த நோயாளியின் கிருமியோடு பொருத்திப் பார்த்தாக வேண்டும். இருப்பில் உள்ளது எதுவும் பொருந்தாவிட்டால் சாக்கடை நீரில் தேட வேண்டியதுதான். நீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நோயாளியின் கிருமியோடு சேர்த்து இரவு முழுக்க 37 டிகிரியில் வளர்ப்பார்கள். பிறகு மென் அகார் என்ற கூழில் கலந்து தட்டில் ஊற்றினால், கிருமி செத்த இடங்கள் தெளிந்த புள்ளிகளாகத் தெரியும். ஒரு புள்ளியை எடுத்து மறுபடி வளர்ப்பது. இதைக் குறைந்தது மூன்று சுற்று செய்தால்தான் ஒரே வகை ஃபேஜ் கையில் நிற்கும்.

அதன் மரபணு வரிசையையும் படிக்க வேண்டும். சில ஃபேஜ்கள் கிருமியைக் கொல்லாமல் அதன் மரபணுவுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். நச்சு மரபணுவைச் சுமந்து வருபவையும் உண்டு. காலரா நச்சே ஒரு ஃபேஜ் கொண்டுவந்ததுதான். அவற்றைக் கழித்துவிட வேண்டும். அடுத்து எண்டோடாக்சின். சூடோமோனாஸ் போன்ற கிராம் நெகட்டிவ் வகைக் கிருமி வெடிக்கும்போது சிதறும் சுவர்த்துணுக்கு இது. நரம்பில் ஏற்றும் மருந்தில், உடல் எடை கிலோவுக்கு மணிக்கு 5 யூனிட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காய்ச்சலும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வரும். பழி ஃபேஜ் மீது விழும்.

அளவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவின் ஃபேகோபர்ன் சோதனையே சாட்சி. தீக்காயத்தில் சூடோமோனாஸ் தொற்றியவர்களுக்கு 12 ஃபேஜ்கள் கலந்த கரைசல். மில்லிலிட்டருக்கு 10 லட்சம் ஃபேஜ் இருக்க வேண்டியது, தயாரித்து வைத்திருந்த காலத்தில் வீரியம் குறைந்து, காயத்தில் பட்டபோது 10 முதல் 100 வரைதான் இருந்தது. கிருமி குறைய வழக்கமான வெள்ளி சல்ஃபாடயசின் களிம்புக்கு 47 மணி நேரம். ஃபேஜுக்கு 144 மணி நேரம். இதைக் காட்டி ஃபேஜ் தோற்றது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, தோற்றது சேமிப்பு. 4 டிகிரியில் வைத்திருந்தாலும் போடுவதற்கு முன் எண்ணிக்கையை மறுபடி பார்ப்பது கட்டாயம்.

பெல்ஜியம் குழு ஒருங்கிணைத்த 100 சிகிச்சைகளின் தொகுப்பு 2024-ல் வெளியானது. 77 சதவீதத்தில் நிலை தேறியது. 61 சதவீதத்தில் கிருமி ஒழிந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத கணக்கு என்பதால் இதை எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும். ஆனால் உடன் ஆன்டிபயாடிக் கொடுக்காதபோது கிருமி ஒழியும் வாய்ப்பு 70 சதவீதம் குறைந்தது என்பதை ஒதுக்க முடியாது. ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு ஃபேஜுக்கு மாறலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிருமி ஃபேஜையும் எதிர்க்கப் பழகும். சில சமயம் அதுவே நமக்குச் சாதகம்: மருந்தை வெளியே தள்ளும் பம்ப்பையே ஒரு ஃபேஜ் பிடிப்பிடமாகக் கொண்டால், அதிலிருந்து தப்ப கிருமி அந்தப் பம்ப்பை இழக்கும், பழைய ஆன்டிபயாடிக் மறுபடி வேலை செய்யும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சூடோமோனாஸில் இதைக் காட்டியிருக்கிறார்கள்.

நம் மருத்துவமனைகள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ரிப்போர்ட் கொடுத்துச் சில நாளில், நோயாளியின் கிருமியை வளர்த்த கல்ச்சர் தட்டை ஆட்டோகிளேவில் (கிருமியைக் கொல்லும் நீராவிக் கலம்) போட்டுவிடுவது ஆய்வகங்களில் சகஜம். அந்தக் கிருமி இல்லாமல் ஃபேஜைப் பொருத்திப் பார்க்க முடியாது. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி என்று ரிப்போர்ட் வந்தால், உறைநிலையிலும் அது சாகாமலிருக்க 20 சதவீத கிளிசராலில் இரண்டு குப்பிகளாக மைனஸ் 80 டிகிரியில் வைக்கச் சொல்லி நோயாளியின் குடும்பத்தார் எழுத்தில் கேட்கலாம். மாதிரி எடுத்த தேதி, எடுத்த இடம், எந்தெந்த மருந்துக்கு அடங்கவில்லை என்ற விவரம் குப்பியோடு இருக்கட்டும். மறுபடி கல்ச்சர் எடுத்தால் அதையும் சேர்த்து வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு முந்தைய கிருமிக்குப் பொருந்திய ஃபேஜ் இன்றைய கிருமிக்குப் பொருந்தாமல் போகலாம்.

இப்படிக்கு,
மருத்துவ நுண்ணுயிரியல் துறை வாசகர்,
மதுரை