லெஸ்டரிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இவ்வளவு நாள் பதில் எழுதாததற்கு மன்னித்துவிடு. நான் நன்றாக இருக்கிறேன். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் ஹீட்டர் தேவைப்படுவதில்லை. இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும், அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

பக்கத்து வீட்டுப் பாட்டி ஸ்பேனியல் நாய் வளர்த்துக் குட்டி விற்பவர் என்று எழுதியிருந்தேனே. போன வாரம் கவுன்சிலிலிருந்து அங்கே சோதனைக்கு வந்தார்கள். நாய்கள் படுக்கும் இடம், எந்த நாய் எப்போது குட்டி போட்டது என்ற நோட்டு, எல்லாம் பார்த்தார்கள். லைசென்ஸ் எண் இல்லாமல் பாட்டி விளம்பரம்கூடக் கொடுக்க முடியாது. கடைக்காரரோ தரகரோ ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை விற்பதற்கு இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலிருந்து தடை. வளர்ப்பவரிடமே போய், தாயோடு சேர்த்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். லூசி என்ற நாயின் பெயரால் வந்த சட்டம் அது. வேல்ஸில் ஒரு பண்ணையில் குட்டி போடுவதற்கென்றே கூண்டில் அடைத்து வைத்து, முதுகு வளைந்துபோன நாய். 2013இல் மீட்டார்கள், அதற்கப்புறம் மூன்றே வருஷம்தான் உயிரோடு இருந்தது. பாட்டி அதன் படத்தைக் காட்டியபோது நம் மணி ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா கறியோடு அவனுக்கென்று தனியாக எலும்புப் பொட்டலம் கட்டி வருவாரே. அன்றைக்குச் சாயங்காலம் வரை பாட்டி வீட்டிலேயே ஒரு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சரி, மாமா விஷயத்துக்கு வருகிறேன். மொட்டை மாடியில் தகரம் போட்டு மூன்று லாப்ரடார் நாய் வைக்கப் போகிறார், வருஷத்துக்கு இரண்டு ஈற்று, ஒரு மாதக் குட்டியாகவே தரகரிடம் தள்ளிவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் அக்கா. நம் நாட்டிலும் 2017இலேயே விதி வந்துவிட்டது. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெண் நாய்க்குப் பதினெட்டு மாதம் ஆகாமல் மேட்டிங் விடக் கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈற்று, ஆயுளுக்கே ஐந்துதான். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விதியை விடு, மே மாதம் வடாம் காயப்போட அந்த மாடியில் செருப்பில்லாமல் ஏற முடிகிறதா நம்மால்? அந்தத் தகரத்துக்கடியில் பாலூட்டும் நாய் எப்படி இருக்கும்?

மாமா கேட்ட நாற்பதாயிரத்தை இதற்கு அனுப்ப மாட்டேன். பணம் இல்லாமல் சொல்லவில்லை. நான் சொன்னதாகவே அவரிடம் சொல், கோபம் என் மேலேயே இருக்கட்டும். முன்பணம் கொடுத்துவிட்டாரா என்று உடனே எழுது. அப்புறம், பிப்ரவரியில் சீட்டுப் பணம் விழுந்ததும் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு எடுத்து வை. அதில் யாரும் கை வைக்க வேண்டாம்.

உன் அன்புத் தம்பி