மிளகுக்காகப் பேச ஆள் இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டில் காபியும், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடியும்தான் எங்கள் பிழைப்பு. தார்ப்பாயில் காய்கிற முழு மிளகுக்குச் சுங்க எண் 090411. அதையே பொடித்துவிட்டால் 090412. கடைசி இலக்கம் மாறினால் இறக்குமதி வரியும், எந்த நாட்டில் விளைந்தது என்று பார்க்கிற விதியும்கூட மாறலாம். வெளிநாடுகளோடு வர்த்தக ஒப்பந்தம் பேசப் போகிற நம் அதிகாரிகளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு இந்தியா செய்து, 2010 ஜனவரியில் அமலான வர்த்தக ஒப்பந்தத்தில் மிளகு, காபி, தேயிலை, பாமாயிலைத் தனிப் பட்டியலில் வைத்து, வரியை மெதுவாகக் குறைக்க வழி செய்தார்கள். யாரோ விஷயம் தெரிந்தவர் பார்த்த வேலை! ஆனால் இலங்கையிலிருந்து குறைந்த வரியில் மிளகு வந்து இறங்கியபோது, கிலோவுக்கு 500 ரூபாய் என்ற குறைந்தபட்ச இறக்குமதி விலை 2017 டிசம்பரில்தான் வந்தது. விளைந்த நாட்டுச் சான்றைத் துருவிக் கேட்கும் சுங்க விதிகளுக்கு 2020 செப்டம்பர் வரை காத்திருந்தோம்.

ஐரோப்பிய ஒன்றியத்துடன் வர்த்தக ஒப்பந்தப் பேச்சு தொடங்கியது 2007-ல், நின்றது 2013-ல், திரும்பத் தொடங்கியது 2022-ல். அதற்குள் மேசைக்கு இந்தப் பக்கம், நமக்காகப் பேசுகிற அதிகாரிகள் எத்தனை பேர் மாறியிருப்பார்கள்? வெளிநாட்டு வர்த்தகத்தைக் கவனிக்கும் மத்திய அரசு அதிகாரிகளுக்கென்று, இந்திய வர்த்தகப் பணி என 1977 முதல் ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. அதில் ஆட்களைக் கூட்டி, சட்டம் படித்தவர்களையும் பயிர் தெரிந்தவர்களையும் சேர்த்து, பத்து வருஷமாவது ஒரே இடத்தில் விட்டுவைக்கட்டும். அப்புறம், கையெழுத்துக்கு முன்னால் ஒருமுறை மலையேறி வந்து கேட்கட்டும். கீழே சேலத்தில் ஜவ்வரிசிக்காரர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கும்.

காபி விவசாயி,
ஏற்காடு, சேலம் மாவட்டம்