504 குளிசை முடிந்தது, இனி நன்றி சொல்ல வேண்டும்

அன்புள்ள எல்லோருக்கும்,

போன வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்கு என்னுடைய கடைசி மூன்று குளிசைகளை விழுங்கினேன். முதல் இரண்டு மாதம் 56 நாள், பிறகு நான்கு மாதம் 112 நாள், ஆக 168 நாள், ஒரு நாளைக்கு மூன்று வீதம் 504 குளிசை. கணக்கு எழுதுகிற வேலை செய்கிறவள், எண்ணாமல் இருக்க முடியவில்லை. எனக்கு வந்தது காசநோய். டீ.பி. அம்மம்மா இருந்திருந்தால் சயரோகம் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லியிருப்பா. ஆறு மாதமாக ‘நெஞ்சில கொஞ்சம் சளி’ என்று என்னிடம் பொய் கேட்டவர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள், கலியாணம் பேசுகிற நேரத்தில் பிள்ளைக்கு இந்தப் பெயர் ஒட்டிவிடும் என்று அம்மா பயந்தா. இதை முதலில் அம்மாவுக்குத்தான் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, ‘குளிசைக் கணக்கெல்லாம் எதுக்கு’ என்று மட்டும் கேட்டா. சரி, அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் நன்றி கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில் பார்மசி வைத்திருக்கும் நானாவுக்கு. அதற்கு முன் நான் மூன்று தடவை காசு கட்டி டொக்டர் சனல் பண்ணிக் காட்டியிருந்தேன், எங்கே, யாரிடம் என்பது வேண்டாம், மூன்று தடவையும் ஒரு அன்டிபயோடிக், ஒரு இருமல் பாணி, ‘ஏசிதான் ஒத்துக்கொள்ளவில்லை போல’ என்ற விளக்கம். அதில் ஒரு அன்டிபயோடிக்குக்கு உண்மையிலேயே கொஞ்சம் சுகமாகிவிட்டது, அதுதான் பெரிய ஏமாற்று. சில வகை அன்டிபயோடிக் காசநோய்க் கிருமியையும் ஓரளவு தட்டிவிடுமாம், ஆள் தேறியது போல இருக்கும், கிருமி செத்திராது, இரண்டு கிழமையில் திரும்ப ஆரம்பிக்கும். பின்னேரக் காய்ச்சல், இரவில் தலையணை நனைகிற வியர்வை, 51 கிலோவாக இருந்தவள் 44 ஆகிவிட்டேன், ஒபிஸில் எல்லாரும் ‘மெலிஞ்சு வடிவா வந்துட்டீங்கள்’ என்று சொன்னார்கள், நானும் சந்தோஷப்பட்டேன், மடைச்சி. நானா, நான்காவது போத்தல் பாணி கேட்டு வந்தபோது நீங்கள் அதை எடுத்துத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டீர்கள். ‘தங்கச்சி, மருந்து விக்கிறது என்ட தொழில்தான், ஆனா இத இனித் தரமாட்டேன். ரெண்டு கெழமைக்கு மேல இருமினா சளியக் குடுத்துப் பாக்கோணும். செஸ்ட் கிளினிக்குக்குப் போங்க, அங்க சல்லி எடுக்க மாட்டாங்க.’ எனக்குக் கோபம் வந்தது. கடை நிறைய ஆட்கள் நின்றார்கள். அந்தப் போத்தலின் விலையை நீங்கள் இழந்தீர்கள், நான் என்னத்தை இழக்காமல் விட்டேன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

அடுத்தது, நானா சொன்ன அந்த செஸ்ட் கிளினிக்கில் சளி எடுக்கிற இடத்தில் நிற்கும் மிஸ். அறைக்குள் இல்லை, வெளியில், காற்றாட, ஒரு மரத்தடிப் பக்கம். அதற்கும் காரணம் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. ஒரு சின்ன மூடிப் போத்தலைத் தந்தார், நான் மரியாதையாக, பக்கத்தில் யாருக்கும் கேட்காமல் கொஞ்சம் துப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். ‘மே கெல, நங்கி. செம ஓனே.’ சிங்களத்தில் கெல என்றால் எச்சில், செம என்றால் சளி: இது எச்சில், தங்கச்சி, சளிதான் வேண்டும். எச்சிலில் கிருமி அகப்படாமல் போகலாம், ஆழத்திலிருந்து வர வேண்டும். பிறகு தானே முன்னால் நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, பிடித்து, எப்படி அடியிலிருந்து இருமுவது என்று நடித்துக் காட்டினார். அறுபது பேர் வரிசையில் நிற்கிற காலைப்பொழுதில் ஒரு அரசாங்க உத்தியோகத்தர் இருமி நடித்துக் காட்டுவதை நான் எதிர்பார்க்கவில்லை. அன்று ஒன்று, மறுநாள் விடிய எழும்பினவுடன் ஒன்று, இரண்டு மாதிரி கொடுத்தேன். இரவு முழுக்கத் தேங்கிக் கிடக்கிற சளியில்தான் கிருமி கூட இருக்கும் என்பதால் விடியற்காலைச் சளிக்கு அங்கே தனி மரியாதை.

விடை சொன்ன டொக்டர் என் வயதுக்காரிதான். அழுவதற்கு இரண்டு நிமிடம் தந்துவிட்டு, ஒரு கடுதாசியின் பின்பக்கத்தில் படம் கீறினார். டொக்டர், அந்தக் கடுதாசி இன்னும் என்னிடம் இருக்கிறது. சாதாரண வயிற்றுக் கிருமி இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பெருகும், இந்தக் கிருமிக்கு அதற்குப் பதினைந்து, இருபது மணித்தியாலம் வேண்டும். அவசரமே இல்லாத கிருமி. மெழுகு போல ஒரு தோல் வேறு. அதனால்தான் ஐந்து நாள் அன்டிபயோடிக் என்கிற கதை இங்கே எடுபடாது, ஆறு மாதம். ஒரே குளிசைக்குள் நான்கு மருந்து: ஐசோனியசிட் ஓடித் திரிகிறதை அடிக்கும், ரிஃபாம்பிசின் படுத்துக் கிடந்து இடைக்கிடை எழும்புகிறதைப் பிடிக்கும், பைரசினமைட் புளிப்பான மூலைகளில் ஒளிந்திருப்பதைத் தேடிப் போகும், எதம்பியூட்டோல் மற்ற மருந்துகளுக்குக் கிருமி பழகிப்போகாமல் காவல் நிற்கும். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் இரண்டு மருந்தும் உள்ள குளிசை மட்டும். சிறுநீர் ஒரேஞ்ச் நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னீர்களே, அதற்குத் தனியாக நன்றி. சொல்லாமல் விட்டிருந்தால் முதல் நாளே இரத்தம் என்று கத்தி வீட்டைக் கூட்டியிருப்பேன்.

‘யாரிடம் இருந்து வந்தது?’ என்று கேட்டேன். அதற்கு விடை இல்லையாம். காசநோய் உள்ள ஒருவர் இருமும்போதும் தும்மும்போதும், கதைக்கும்போதும் பாடும்போதும்கூட, கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகள் காற்றில் ஏறும், மூடிய அறைக்குள் அவை மணித்தியாலக் கணக்கில் மிதக்கும். உலகத்தில் நாலில் ஒருவர் அளவுக்கு இந்தக் கிருமியை ஒரு காலத்தில் உள்ளே வாங்கியவர்கள்தான், அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் அது நோயாக எழும்பும், மற்றவர்களுக்குள் சும்மா உறங்கும். 101 பஸ்ஸில் பக்கத்தில் நின்ற யாரோவாக இருக்கலாம், பல வருடங்களுக்கு முன் டியூஷன் கொட்டிலில் இருந்த யாரோவாகவும் இருக்கலாம். அதைக் கேட்ட பிறகு ஒருவரையும் திட்ட முடியாமல் போய்விட்டது, கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது, திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தால் மனதுக்கு லேசு.

காசநோய் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய், அதனால் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீட்டுக்கு வருவார் என்றார்கள். அம்மாவுக்கு அதுதான் நோயை விடப் பெரிய வருத்தம். பி.எச்.ஐ. மாத்தயா, நீங்கள் மோட்டார் சைக்கிளைக் காலி வீதியிலேயே விட்டுவிட்டு, கையில் ஃபைல் இல்லாமல், ஒரு பேப்பர் பையோடு சொந்தக்காரர் போல நடந்து வந்தீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. எங்கள் குசினியில் எனக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த கோப்பையையும் கப்பையும் பார்த்துச் சிரித்தீர்கள். ‘அம்மா, கோப்பை பாவம். கோப்பையில இருந்து இது வராது, துணியில இருந்து வராது, கை பிடிச்சா வராது. அந்த ஜன்னலைத் திறங்க.’ அந்த ஜன்னல் மூன்று வருடமாகத் திறந்ததில்லை. காகம், தூசி, எதிர் ஃபிளட்டின் பார்வை, எல்லாவற்றுக்கும் பயந்து அம்மா அதற்கு முன்னால் அலுமாரியைத் தள்ளி வைத்திருந்தா. அன்று பின்னேரமே நீங்களும் அம்மாவும் சேர்ந்து அலுமாரியை நகர்த்தினீர்கள், நான் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வெயில் கீற்று வந்து நிலத்தில் விழுந்தது. வெயிலுக்கும் காற்றோட்டத்துக்கும் இந்தக் கிருமி நிற்காது என்பதை அம்மா அதற்குப் பிறகு பக்கத்து வீட்டு மாமிமாருக்கெல்லாம் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டா, காரணத்தை மட்டும் சொல்லாமல்.

அம்மா, அந்தக் கோப்பையை நீங்கள் திரும்ப எல்லாக் கோப்பைகளோடும் சேர்த்து அடுக்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

வேலை செய்த இடத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஜன்னலே இல்லாத அறை, பதினொரு பேர், நாள் முழுக்க ஓடும் ஏசி. நான் விஷயத்தைச் சொன்ன அன்று, ‘சுகமாகிய பிறகு பார்ப்போம்’ என்று ஒரு சிரிப்போடு கதவு வரை கூட்டிவந்து விட்டார்கள், பிறகு தொலைபேசி எடுக்கவில்லை. ஒழுங்காகக் குளிசை எடுத்தால் சில கிழமைகளிலேயே மற்றவருக்குப் பரப்புகிற தன்மை வெகுவாகக் குறைந்துவிடும் என்று கிளினிக் கடிதம் கொடுத்தும் பயனில்லை. ஆனால் அதே அறையில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த அண்ணா, நீங்கள் மட்டும் கேள்வி கேட்டீர்கள். ‘நான் என்ன செக் பண்ண வேணும்? எங்க போக வேணும்?’ போய் எக்ஸ்ரே எடுத்து, ஒன்றும் இல்லை என்று வந்ததும் மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். அப்புறம் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற வேலையை ஃபைலோடு எங்கள் வாசலுக்கே கொண்டுவந்து, அதற்குக் காசும் வாங்கித் தந்தீர்கள். பயப்படவில்லையா என்று கேட்டேன். ‘பயம்தான், அதுக்குத்தான் செக் பண்ணினேன்’ என்றீர்கள்.

இனி, எங்கள் பக்கத்து மாநகரசபை டிஸ்பென்சரி அக்கா. குளிசையை வீட்டுக்கு மொத்தமாகத் தந்து அனுப்புவதை விட, ஒருவர் முன்னால் தினமும் விழுங்குவதுதான் நல்லது என்று சொல்லி, நடக்கிற தூரத்தில் இருந்த அந்த இடத்துக்கு என்னை எழுதினார்கள். வெறும் வயிற்றில் போனால், நீங்கள் தண்ணீர்க் கிளாஸைத் தந்துவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். முதல் மாதம் எனக்கு அது அவமானமாக இருந்தது, சின்னப் பிள்ளையா நான் என்று. உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான் வந்தது. ஏழாவது கிழமையில் இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, பசி எடுக்கிறது, நிறை ஏறுகிறது, மூட்டு நோவும் குமட்டலும் குளிசையால்தான் வருகிறது. இனி எதற்கு? ஒரு நாள் நல்ல மழை, காலி வீதியில் தண்ணீர், போகவில்லை. மறுநாள் மழை இல்லை, அப்போதும் போகவில்லை. ஒன்பது மணிக்குத் தொலைபேசி. ‘பிள்ளை, நான் பன்னிரண்டு மணி வரைக்கும் இருப்பன். வராட்டி குளிசையோட நான் அங்க வருவன், எனக்கு முழங்கால் ஏலாது, படியேற வைக்காதேங்கோ.’ நாங்கள் நான்காம் மாடி. ஓடி வந்தேன். பாதியில் விட்டால் மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்பி வரலாம், பிறகு அதற்கு வேறு மருந்துகள், கூடுதல் கஷ்டம் என்பதைப் பேச்சுவாக்கில் சொன்னீர்கள், ஏசவில்லை. விட்ட நாட்களைக் கடைசியில் சேர்த்துக் கொடுத்து என் 168ஐ நிரப்பினதும் நீங்கள்தான்.

இங்கே சம்பந்தமில்லாத ஒரு ஆளுக்கும் நன்றி சொல்ல வேண்டும், அவர் உயிரோடு இல்லை. கட்டிலில் கிடந்த நாட்களில் நிறைய வாசித்தேன். ரொபேர்ட் கொக் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24, அந்த நாள்தான் உலகக் காசநோய் தினமாக கிளினிக் சுவரில் தொங்குகிறது. கிருமி தெரிந்துவிட்டது, ஆனால் அதைக் கொல்கிற மருந்துக்கு அறுபது வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1943இல் அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், அல்பேர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது மாணவர் நிலக்கீழ் ஆய்வுகூடத்தில் தனியாக இருந்து, மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். 1952இல் நோபல் பரிசு அவருடைய பேராசிரியர் வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. ஒபிஸில் வேலை செய்த எவருக்கும் இந்தக் கதை புதிதாக இருக்காது. அந்த மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது கிருமி அதற்குப் பழகிப்போனதைப் பார்த்துத்தான் பல மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிற வழக்கமே வந்தது. நான் விழுங்கியதில் ஸ்ட்ரெப்டோமைசின் இல்லை, என்றாலும் ஷாட்ஸ் ஐயா, உங்களுக்கும்.

கடைசியாக, எழுதக் கஷ்டமான பகுதி. என் சொந்த அக்காவின் மகளுக்கு மூன்று வயது. தெஹிவளையில் இருந்து ஒவ்வொரு சனி, ஞாயிறும் வந்து என்னோடுதான் படுப்பாள். பி.எச்.ஐ. வீட்டில் யார் யார் வந்துபோவார்கள் என்று கேட்டபோது, அவள் பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் தழும்பு கையில் இருக்கிறது, அது மூளைக் காய்ச்சலாக வருகிறது மாதிரியான காசநோயின் மோசமான வகைகளில் இருந்து சின்னப் பிள்ளைகளை நன்றாகக் காக்கும், என்றாலும் முழுக் காவல் இல்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், கிருமி உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்கிற மன்டோ ஊசியைக் கையில் போட்டு மூன்றாம் நாள் வீக்கத்தை அளந்தார்கள். நோய் இல்லை. ஆனால் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை, நெருங்கிப் பழகியது, அதனால் முற்காவலாக ஆறு மாதம் ஐசோனியசிட். என்னால் ஒரு பிள்ளை ஆறு மாதம் குளிசை குடிக்கிறது என்று நான் அழுதபோது, அக்கா, நீ ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை வழக்கம் போல அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாய்.

பெறாமகளே, உனக்கு வாசிக்கத் தெரியாது, அம்மா வாசித்துக் காட்டட்டும். உன்னுடையது முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. காலையில் இரண்டு வீட்டிலும் வீடியோ கோலைப் போட்டு, மூன்று எண்ணி ஒன்றாகத்தானே விழுங்குவோம், டிஸ்பென்சரிக்குப் போகிற வழியில் நான் படியில் நின்று வாயை மூடி நடித்ததெல்லாம் உனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை என்னுடையது முடிந்துவிட்டது என்று சொன்னதும், ‘அப்ப நாளைக்கு நான் மட்டுமா?’ என்று முகத்தைச் சுருக்கினாய். சரி. நானாவின் பார்மசியில் பத்தொன்பது விற்றமின் சி குளிசை வாங்கி வைத்திருக்கிறேன்.