துருவத்துக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், துருவக் கரடியின் உடம்பில் ரசாயனம் சேர்வது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பல தகவல்கள் சரியாகவே இருந்தன. ஆனால் கடைசிப் பத்தியில், ‘இது மேலை நாட்டுத் தொழிற்சாலைகளின் வினை, நம் கிராமங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை’ என்று ஒரு வரி. அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் அச்சேற்றினீர்களே என்பதுதான் என் வருத்தம்.

நான் காவேரிப்பட்டணம் பக்கத்து மா விவசாயி. சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு மலேரியாக்காரர்கள் வருவார்கள். பண்டபாத்திரங்களை எல்லாம் வாசலில் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, சுவர் முழுக்க டி.டி.டி. என்ற கொசு மருந்து அடிப்பார்கள். முடித்ததும் கதவு நிலைக்குப் பக்கத்தில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். மருந்து காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்கும், சாய்ந்து உட்கார்ந்தால் முதுகெல்லாம் ஒட்டும். வயற்காட்டில் பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துப் பவுடர். அப்பா அதைத் துணியில் மூட்டையாகக் கட்டி, செடிமேல் தட்டிக்கொண்டே போவார். மூக்கில் ஒரு துண்டு கட்டச் சொல்லிக்கூட யாரும் சொன்னதில்லை. அப்புறம் மாம்பூவில் தத்துப்பூச்சிக்கு எண்டோசல்பான் வந்தது. இதில் எதை நாங்கள் கண்டுபிடித்தோம்? சிபாரிசு செய்தவர்கள் படித்தவர்கள், விளம்பரம் போட்டவை பத்திரிகைகள்.

அடித்த மருந்து எங்கே போனது என்று உங்கள் கட்டுரையாளர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். இந்த ரகம் லேசில் மக்காது. நம் வெயிலில் ஆவியாகிக் காற்றில் ஏறும், குளிர்ந்த இடத்தில் படியும், மறுபடி சூடு வந்தால் மறுபடி கிளம்பும். இப்படியே நகர்ந்து கடைசியில் துருவத்துக் குளிரில் போய் அடங்குகிறது. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் சிறு உயிரிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து சீல் என்னும் கடல்நாய்க்கு, சீலிலிருந்து கரடிக்கு என்று ஏற ஏற அளவு கூடுகிறது. விவசாயமே இல்லாத அண்டார்டிகாவில், பென்குயின் உடம்பில் டி.டி.டி. இருப்பதை 1966-லேயே எழுதிவிட்டார்கள். பி.எச்.சி.யைச் சீனா 1983-ல் நிறுத்தியது, இந்தியா பின்னால் குறைத்து 1997-ல் தடை செய்தது. இந்த நாடுகள் கைவிடக் கைவிட, ஆர்க்டிக் காற்றில் அதன் அளவும் இறங்கியது. எங்கள் அப்பா தட்டிய பவுடருக்கும் வடதுருவத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று இனி எந்த வாயால் சொல்வது?

அங்கே கரடி மட்டும் இல்லை, ஐயா. கனடாவின் வட கியூபெக்கில் இனுயிட் என்ற பழங்குடித் தாய்மார்கள் இருக்கிறார்கள். சுத்தமான ஊர், ஒப்பிட்டுப் பார்க்க வசதி என்றுதான் 1980-களின் கடைசியில் அவர்கள் தாய்ப்பாலைச் சோதித்தார்கள். பி.சி.பி. என்ற, இதே போல மக்காத ஆலை ரசாயனம், தெற்கே நகரத்துப் பெண்களுக்கு இருந்ததைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது. ஒரு ஆலையும் வைக்காத சனம், சீல் கறியும் மீனும் தின்று வாழும் சனம். பச்சைக்குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்று அந்தத் தாய் தவித்திருப்பாளே! அவர்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

அந்தத் தவிப்பு இந்த மாவட்டத்துக்குப் புரிய வேண்டும். பெங்களூருக் கழிவு தென்பெண்ணையில் வந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறதே, அதை நாமா கலந்தோம்? மேலே இருப்பவன் ‘எனக்குச் சம்பந்தம் இல்லை’ என்றால் நமக்கு வயிறு எரிகிறது. அதே வார்த்தையை நாம் வடக்கே பார்த்துச் சொல்லலாமா? அந்த நுரையையும் நீங்கள் மழைக்காலத்தில் ‘பனிமலைபோல் காட்சியளித்தது’ என்று படம் போட்டு முடித்துவிடுகிறீர்கள். அந்தத் தண்ணீரைப் பாய்ச்சுகிறவனிடம் ஒரு நிருபரும் பேசியதாகத் தெரியவில்லை.

மாம்பழக்கூழ் ஆலை ஒன்று, மருந்து மிச்சம் இருக்கிறது என்று என் லோடைத் திருப்பி அனுப்பியது. ஏற்றுமதிச் சரக்கு, அந்த நாட்டுக்காரன் சோதிப்பான் என்றார்கள். சரி, சோதிக்கட்டும். திருப்பி வந்த காய் உள்ளூர் மண்டியில் போனது, அங்கே யாரும் சோதிக்கவில்லை. அந்த வாரம் நீங்கள் ‘பேராசையால் மருந்தடிக்கும் விவசாயிகள்’ என்று எழுதினீர்கள். அன்றைக்கு நான் எழுதிய கடிதத்தைப் போடவே இல்லை.

விஷம் மக்க எத்தனை காலம் ஆகும் என்று அட்டையில் பொடி எழுத்தில்கூட எங்களுக்குச் சொல்லப்படவில்லை. டி.டி.டி.யை விவசாயத்தில் 1989-ல் தடுத்தார்கள், எண்டோசல்பானை 2011-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது, இப்படிப்பட்ட ரசாயனங்களுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் இந்தியா 2006-ல் சேர்ந்தது. இதில் எதுவும் எங்கள் ஊர் டீக்கடைக்கு வந்து சேரவில்லை. பத்திரிகை தினமும் வந்தது.

நான் கேட்பது பெரிதில்லை. அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்கள். தை பிறந்து மா பூவெடுக்கும் முன், தடை செய்த மருந்துகளின் பெயர்களை, கடையில் விற்கும் பெயரோடு, வேளாண் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வெளியிடுங்கள். காலி மருந்து டப்பாவைக் கழுவி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் வீட்டுப் பரணில் இன்னும் இரண்டு கிடக்கின்றன, யாரிடம் கொடுப்பது என்று சொல்ல ஆளில்லை.

இப்படிக்கு,
மா விவசாயி,
காவேரிப்பட்டணம் வட்டாரம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.