புகை வடிகட்டி வரட்டும், சொல்லிக்கொடுத்துவிட்டு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிராக்டர்களுக்கான புதிய புகை விதிகள் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். விலை எவ்வளவு கூடும் என்பதுதான் அதில் பெரும்பாலும் பேச்சு. விலை கூடும், சரி, உரம் முதல் கூலி வரை எல்லாம்தான் கூடுகிறது. ஆனால் வாங்கின பிறகு அந்த வண்டியோடு எப்படிக் காலம் தள்ளுவது என்பதை யாரும் பேசக் காணோம். எனக்கு அதில் கொஞ்சம் பட்டறிவு உண்டு, டிராக்டரில் இல்லை, பிக்கப்பில்.

பூதப்பாண்டிப் பக்கம் கொஞ்சம் நெல்லும் அதைவிடக் கூடுதலாக வாழையும் வைத்திருக்கிறேன். மட்டி, ஏத்தன், செவ்வாழை என்று வெட்டுகிற குலையை வடசேரிச் சந்தைக்குக் கொண்டுபோக, பிஎஸ் 6 என்கிற புகை விதிப்படி வந்த ஒரு டீசல் பிக்கப். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்பதால் சைலன்சர் வரிசையில் டிபிஎஃப் என்கிற புகை வடிகட்டி இருக்கிறது. வாங்கும்போது ஷோரூமில் மைலேஜ், இஎம்ஐ, இன்சூரன்ஸ் எல்லாம் விளக்கினார்கள், சீட் கவர் நிறம்கூடக் கேட்டார்கள். இந்த வடிகட்டி பற்றி ஒரு வார்த்தை இல்லை. பானலில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு லைட் எரிந்து போன் செய்து கேட்டபோதுதான், "அண்ணாச்சி, அறுபதுக்கு மேல ஒரு இருபது நிமிஷம் நிக்காம ஓட்டுங்க, தன்னால போயிரும்" என்றார்கள்.

வடசேரிக்கும் எங்களுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதில் அறுபதுக்கு மேல் இருபது நிமிடம் எங்கே ஓட்டுவது? திட்டுவிளை முக்கில் பஸ் நிற்கும், புத்தேரியில் ஆட்டோ திரும்பும், நாகர்கோவிலுக்குள் நுழைந்தால் இரண்டாவது கியரைத் தாண்டக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஆகக் குலையை இறக்கிவிட்டுக் காலி வண்டியை ஆரல்வாய்மொழி, காவல்கிணறு என்று நாலுவழிச் சாலையில் விரட்டிவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது, அதுவும் சும்மா, நம் டீசலில். ஆடி மாதம் கணவாய்க் காற்றில் காலிப் பிக்கப்பை அறுபதில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இதன் வேலை ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. உள்ளே தேன்கூடு போல நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டி, ஒரு துளை இந்தப் பக்கம் அடைத்திருக்கும், பக்கத்துத் துளை அந்தப் பக்கம் அடைத்திருக்கும். புகை சுவர் வழியாகக் கசிந்துதான் வெளியே போக முடியும், கரி உள்ளே தங்கிவிடும். எஞ்சின் நல்ல பாரத்தில் தொடர்ந்து ஓடினால் புகையின் சூட்டிலேயே அந்தக் கரி மெல்ல மெல்ல எரிந்து தீர்ந்துவிடும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. பாரமில்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தி, கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தி என்று இருந்தால் அந்தச் சூடு கிடைக்காது. அப்போது வண்டியின் கம்ப்யூட்டரே கூடுதலாக டீசலைப் பாய்ச்சி வடிகட்டியைச் சுமார் 600 டிகிரி வரை சூடாக்கிக் கரியை எரிக்கிறது. இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள், மெக்கானிக்குகள் சுருக்கமாக ரீஜென். பாதியில் சாவியைத் திருப்பி அணைத்தால் எரிப்பும் பாதியில் நின்றுபோகும். அடுத்த தடவை முதலிலிருந்து. பெரும்பாலான எஞ்சின்களில் இப்படிப் பாய்ச்சுகிற டீசல் சிலிண்டருக்குள்ளேதான் போகிறது, எரியாத பங்கு பிஸ்டன் ரிங் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதில் கூடியிருக்கும். ஆயில் கூடினால் நல்லதுதானே என்று நினைக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அது நீர்த்துப்போன ஆயில், பேரிங்கைத் தின்றுவிடும்.

இப்போது இதை டிராக்டரில் வைத்துப் பாருங்கள். நம் நாட்டில் 50 எச்பிக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து டிரெம் 4 என்கிற புகை விதி வந்துவிட்டது. நம் மாவட்டத்து வயலில் ஓடுவதெல்லாம் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். அடுத்தது டிரெம் 5. 2024 ஏப்ரல் என்றார்கள், அப்புறம் 2026 ஏப்ரல் என்று தள்ளினார்கள். தேதி எப்படி ஆனாலும் ஆகட்டும், 25 எச்பிக்கு மேற்பட்ட சின்ன வண்டிக்கும் கரித்துகள் அளவை இறுக்கிப் பிடிக்கிற விதி அது. வடிகட்டி இல்லாமல் அந்த அளவுக்குள் வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அமெரிக்காவில் இது 2013-லேயே நடந்து முடிந்த கதை. அங்கே தோட்டத்துக்கும் புல் வெட்டவும் வைத்திருக்கிற சின்ன டிராக்டர்களில் 25 எச்பியைத் தாண்டினால் பெரும்பாலும் வடிகட்டி உண்டு. அதனாலேயே 25-க்கு ஒரு மயிரிழை குறைவான மாடல்களைக் கம்பெனிகள் போட்டிபோட்டு விற்கின்றன. வாங்குகிறவர்களும் அதைத் தேடித்தான் போகிறார்கள். அங்கேயே அப்படி என்றால் நம் ஊரில் கேட்க வேண்டுமா?

டிராக்டரை நாலுவழிச் சாலையில் விரட்ட முடியாது. ஆனால் உண்மையில் பிக்கப்பைவிட டிராக்டருக்கு ஒரு வசதி இருக்கிறது. ரோட்டாவேட்டரை மாட்டி, அதைச் சுழற்றுகிற பின்பக்கத் தண்டான பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்று சுற்ற வேண்டிய வேகத்தில் எஞ்சினை ஓட்டினால் பாரமும் சூடும் தானாகக் கிடைத்துவிடும், வடிகட்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். சிக்கல் எங்கே என்றால், நம் வயல் இருபது சென்ட், முப்பது சென்ட். கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரத்தோடு தொளி அடிக்கிற, அதாவது சேற்றுழவு செய்கிற டிரைவர் ஒரு வயலை முடித்துவிட்டு அடுத்த வயலின் ஆளோடு வரப்பில் நின்று பேசுவார், வண்டி ஐடிலில் படபடத்துக்கொண்டே நிற்கும். மடையில் தண்ணீர் திரும்பும் வரை காத்திருப்பார், அப்போதும் ஐடில்தான். டீ வந்தால் சொல்லவே வேண்டாம். பழைய டிராக்டர் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது, வடிகட்டி வைத்த டிராக்டருக்கு ஐடில்தான் முதல் எதிரி. சும்மா நிற்பதென்றால் அணைத்துவிட வேண்டும், ஆனால் ரீஜென் நடக்கும்போது அணைக்கக் கூடாது. இந்த இரண்டையும் நம் டிரைவர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

ரீஜென் நடப்பதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கை வைக்காமலே ஆர்பிஎம் ஏறும், சத்தம் கனக்கும், சைலன்சர் பக்கம் ஒரு காந்தல் வாடை வரும், விளக்கும் எரியும். தெரியாத டிரைவர் என்ன செய்வார்? வண்டி கோளாறு என்று பயந்து உடனே அணைப்பார். இப்படியே பல தடவை நடந்தால் கரி ஏறி, எஞ்சின் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். நிறுத்தி வைத்துச் செய்கிற ரீஜென் ஒன்று உண்டு: எஞ்சின் சூடான பிறகு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பிடிஓவை அணைத்து, பட்டனை அமுக்கிவிட்டு அரை மணி நேரம் போலக் காத்திருக்க வேண்டும். கரி அளவு மீறிவிட்டால் அந்தப் பட்டனும் வேலை செய்யாது. கம்பெனி ஆள் ஸ்கேனரோடு வந்தால்தான் உண்டு. என் பிக்கப்புக்கு ஒருமுறை இந்த நிலை வந்தபோது, ஸ்கேனர் திருநெல்வேலியில் இருக்கிறது, வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். வாழைக்குலை இரண்டு நாள் காத்திருக்காது. வாடகை வண்டி பிடித்து அனுப்பினேன். கன்னிப்பூ என்கிற முதல் போக நெல்லுக்குப் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் திறந்து, வயல்வெளி முழுவதும் ஒரே நேரத்தில் உழவுக்கு நிற்கிற வாரத்தில் ஒரு டிராக்டர் இப்படிப் படுத்துவிட்டால்?

இதில் நான் அதிகம் பயப்படுவது தீயைத்தான். ரீஜென் நடக்கும் நேரத்தில் சைலன்சரின் வாயிலிருந்து வருகிற காற்று சாதாரணப் புகை இல்லை, காய்ந்த வைக்கோலைப் பற்றவைக்கக்கூடிய சூடு. குலசேகரம், திருவட்டாறு பக்கம் மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலை உதிர்ந்து தோட்டம் முழுக்கச் சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும், அந்தச் சருகு மேலேதான் வண்டியை நிறுத்துகிறோம். அறுப்பு முடிந்த வயலில் வைக்கோல் படப்புக்குப் பக்கத்திலேயே டிராக்டரை ஓரம்கட்டுகிறோம், ஓலை வேய்ந்த ஷெட்டுக்குள் விடுகிறோம். இப்படிப்பட்ட நேரத்துக்காகவே ரீஜெனைத் தள்ளிவைக்கிற சுவிட்ச் பல மாடல்களில் கொடுத்திருக்கிறார்கள், இருக்கிறது என்று தெரிந்தால்தானே அமுக்குவார்கள்! அந்தச் சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்களும் இருப்பார்கள், அது வேறு வினை.

ஆயில் விஷயம் சுருக்கமாக. கரிதான் எரியும், ஆயிலிலிருந்து வருகிற சாம்பல் எரியாது, உள்ளேயே படிந்துகொண்டு போகும். அதனால் சாம்பல் குறைவான ரக ஆயில்தான் ஊற்ற வேண்டும். கடையில் எடுத்துத் தருகிற ஏதோ ஒரு 15டபிள்யூ40 ஆயில் போதாது. டப்பாவில் சிகே-4 போன்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சாம்பல் நிறைந்தால் வடிகட்டியைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய முடியும். அமெரிக்க விதிப்படி 3000 மணி நேர ஓட்டத்துக்கு முன்னால் அந்த வேலை வராதபடி எஞ்சின் செய்ய வேண்டும். சொந்த வயலுக்கு மட்டும் ஓட்டுகிறவருக்கு 3000 மணி நேரம் என்பது பல வருடம், வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு அது சீக்கிரமே வந்துவிடும். டீசலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, 2020 ஏப்ரல் முதல் பங்கில் கிடைப்பது கந்தகம் 10 பிபிஎம் உள்ள பிஎஸ் 6 டீசல்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு ஒர்க்‌ஷாப்காரர் இதற்கெல்லாம் ஒரே மருந்து வைத்திருக்கிறார். "ஃபில்டரையே எடுத்துத் தூரப் போட்டிரலாம் அண்ணாச்சி, ஒரு நாள் வேலை, கம்ப்யூட்டர்லயும் மாத்திரலாம்." வண்டியின் அமைப்பை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி தவறு, வாரண்டியும் போய்விடும். சட்டத்தை விடுங்கள், டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. டிராக்டரின் புகைக்குழாய்க்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க அதை இழுக்கிறவர் நம் டிரைவர். வயலின் ஒரு மூலையில் டிராக்டர் மரமடித்துச் சேற்றைச் சமப்படுத்தும்போது இன்னொரு மூலையில் நடவு நடுகிற பெண்கள் குனிந்து நின்று அதே காற்றைத்தான் மூச்சாக இழுக்கிறார்கள். அதனால் வடிகட்டி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் சொல்லிக்கொடுக்காமல் விற்றால் நம் ஊரில் பாதிப் பேர் ஒர்க்‌ஷாப்காரரின் மருந்தைத்தான் வாங்குவார்கள். பிக்கப் விஷயத்தில் அதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அரசு மானியம் கொடுத்துத்தான் நிறைய டிராக்டர்கள் இங்கே வருகின்றன. அப்படியானால் மானியப் பட்டியலில் கம்பெனியைச் சேர்க்கும்போதே நிபந்தனை போடலாமே. ரீஜென் விளக்குகள் என்ன, எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் ஒரு ஸ்டிக்கர், மட்கார்டில் ஒட்டியே வர வேண்டும், இருநூறு பக்க ஆங்கிலப் புத்தகத்தைப் பாலிதீன் கவரோடு கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கக் கூடாது. மாவட்டத்துக்குள் ஒரு ஸ்கேனரும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் இல்லாத கம்பெனியின் வண்டிக்கு மானியமே தரக் கூடாது, இதில் நான் கொஞ்சம் கறார். வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடுகிற டிராக்டர்களின் டிரைவர்களுக்கு முதலில் பழக்கிவிட்டால் அவர்களைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள், நம் ஆட்கள் புத்தகத்தைவிடப் பக்கத்து வயல்காரனைத்தான் நம்புவார்கள். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கும்பப்பூ என்கிற இரண்டாம் போக உழவுக்கு முன் ஒரு நாள் செயல்விளக்கம் வைத்தாலும் போதும், நிறுத்தி வைத்து ரீஜென் செய்து காட்டட்டும், அரை மணி நேரம் நின்று பார்க்க நாங்கள் தயார்.

இதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுவாகக் கொடுக்க இருக்கிறேன். உங்களிடம் கேட்பது வேறு: விவசாயப் பக்கத்தில் அந்த விளக்குகளின் படத்தோடு ஒரு அரைப்பக்கம் போடுங்கள், வெட்டி எடுத்து ஷெட்டில் ஒட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு வாழை, நெல் விவசாயி
பூதப்பாண்டி, கன்னியாகுமரி மாவட்டம்