சினோஸ் என்றால் எந்த பேண்ட்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வண்டிப்பெரியாறு, கூடலூர், கம்பம் பக்கமிருந்து இப்போது பலர் வாட்ஸ்அப்பிலேயே பேண்ட் கேட்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் 'சினோஸ்' வேண்டும் என்று எழுதிவிட்டு, பார்சலைப் பிரித்ததும் "ஜீன்ஸ் எங்கே?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வயதானவர்கள் 'ஸ்லாக்' என்றால் அது பேண்டே இல்லை, வெளியே விட்டுப் போடுகிற அரைக்கைச் சட்டை! அதனால் குமுளி கடை பில்லில் எதை எப்படி எழுதுகிறோம் என்று சொல்லிவிடுகிறோம்.

சினோஸ் என்பது சாய்வரி ஓடும் ட்வில் நெசவுப் பருத்தியில் தைத்த பேண்ட். கால் ஓரத்தை மடித்துப் பாருங்கள், உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருக்கும். ஜீன்ஸும் ட்வில்தான், ஆனால் துணி கனம். பாவு நூலுக்கு (நீளவாக்கில் ஓடுவது) மட்டும் நீலம் ஏற்றி ஊடையை (குறுக்கே ஓடுவது) வெள்ளையாக விடுவதால் உள்பக்கம் வெளுத்திருக்கும். ஜீன்ஸ் பை ஓரத்தில் இருக்கும் செம்புக் குமிழ் (ரிவெட்), உழைப்பாளிகளின் பை கிழியாமலிருக்க வைத்தது. அமெரிக்காவில் துணி வியாபாரி லெவி ஸ்ட்ராஸும் தையல்காரர் ஜேக்கப் டேவிஸும் 1873இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். சினோஸில் அந்தக் குமிழைத் தேட வேண்டாம்.

காக்கிதான் பெரிய தலைவலி. ஜீப் ஓட்டும் அண்ணன் கேட்டால் யூனிஃபார்ம். கல்லூரி போகும் தம்பி கேட்டால் மணல் நிறச் சினோஸ். இருவர் சொல்வதும் சரி. உருதுவில் 'காக்' என்றால் புழுதி. 1846இல் பெஷாவரில் ஆங்கிலேய அதிகாரி ஹாரி லம்ஸ்டன் திரட்டிய கைட்ஸ் என்ற படையிலிருந்து காக்கி சீருடை நிறமானது. அமெரிக்காவில் சினோஸையே காக்கிஸ் என்பார்கள். எனவே நிறத்தையும் தனியாக எழுதுங்கள், முடிந்தால் படமும் அனுப்புங்கள்.

ஆபீஸ், கல்லூரி, கல்யாண வரவேற்பு எல்லாவற்றுக்கும் சினோஸ் பொருந்தும். (சபரிமலை சீசனில் இந்தப் பேச்சே இல்லை, கறுப்பு வேட்டிதான் ஓடும்.) ஆனால் ஜூன், ஜூலை மழையில் முழுப் பருத்தி லேசில் காயாது. விற்கிற நாங்களே சொல்கிறோம், அந்த மாதங்களுக்குப் பாலியஸ்டர் கலந்ததை வாங்குங்கள்.

அப்புறம், பருத்தி முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும். வீட்டில் ஒருமுறை துவைத்துவிட்டுக் கொண்டுவாருங்கள். கால் நீளத்தைக் காசு வாங்காமல் மடித்துத் தைத்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
கடைக்காரர்கள், குமுளி